பந்திக்கு முந்த 250 டாலர்... உணவுத் திருவிழாக்களில் பிரீமியம் டிக்கெட் ஏமாற்றுவது ஏன்?

2012, மே 19. சனிக்கிழமை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் பிராஸ்பெக்ட் பூங்காவில் காலையிலிருந்தே கூட்டம் அலைமோதியது. நகரத்தின் பேர்பெற்ற உணவகங்கள் ஒரே புல்வெளியில் கடை விரிக்கின்றன. கூடவே மேடையில் இசைக் கச்சேரி. நுழைவும் இலவசம்! இணையத்தில் முன்பதிவு செய்திருந்தால் போதும். சாப்பிடுவதற்கு மட்டும் காசு. யார்தான் வரமாட்டார்கள்?

விழாவின் பெயர் 'தி கிரேட் கூகாமூகா'. சுமார் 75 உணவுக் கடைகள். இரண்டு நாள்களில் ஏறத்தாழ 40,000 பேர்.

இலவசமாக உள்ளே போகிறவர்களோடு சேர்ந்து வெயிலில் நிற்க விரும்பாதவர்களுக்காக ஒரு தனி டிக்கெட்டும் இருந்தது. 'எக்ஸ்ட்ரா மூகா' என்று பெயர். விலை 249 டாலர் 50 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 13,500 ரூபாய். தனிப் பகுதி, டிக்கெட் விலையிலேயே உணவும் பானமும், பிரபல சமையல் கலைஞர்களை அருகில் பார்க்கும் வாய்ப்பு... ஒரு நாள் ராஜவாழ்க்கைக்கான எல்லாமும் அதில் உண்டு என்றார்கள்.

நடந்தது வேறு. மதியத்துக்குள் கடைகளின் முன்னால் வரிசைகள் பாம்பாக நீண்டன. ஒரு தட்டு உணவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் குவிந்ததால் செல்போன் சிக்னல் படுத்துவிட்டது. கூட வந்தவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்றுகூடத் தெரியவில்லை. சில கடைகளில் சாப்பாடு காலி. இதெல்லாம் இலவசமாக வந்தவர்களின் கதை. 250 டாலர் கொடுத்தவர்களின் கதை இதைவிடக் கசப்பு. தனிப் பகுதியிலும் வரிசை. அங்கேயும் உணவு தீர்ந்துபோனது!

இணையத்தில் கோபம் கொட்டித் தீர்க்கப்பட்டது. சில நாள்களில் விழாக் குழுவினர் இறங்கிவந்தார்கள். 'எக்ஸ்ட்ரா மூகா' டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள்.

பணம் திரும்பிவிட்டது. ஆனால், கேள்வி அப்படியே நிற்கிறது. அனுபவமுள்ள நிறுவனம், திறமையான சமையல்காரர்கள், பணம் கொடுக்கத் தயாரான மக்கள் எல்லாம் இருந்தும் ஏன் சொதப்பியது?

டிக்கெட்டில் விற்பது என்ன?

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது நம் ஊர்ப் பழமொழி. பந்தியில் முந்துகிறவருக்கு எல்லாம் கிடைக்கும். பிந்துகிறவருக்கு ரசமும் மோரும்தான் மிஞ்சும். உணவுத் திருவிழாவின் பிரீமியம் டிக்கெட், இந்தப் பழமொழிக்குப் போட்ட விலைச்சீட்டு. அதில் பெரும்பாலும் விற்கப்படுவது உணவு அல்ல. மற்றவர்களுக்கு முன்னால் நிற்கும் உரிமை.

சினிமா தியேட்டரில் கூடுதல் பணம் கொடுத்தால் சாய்ந்து உட்காரும் இருக்கை கிடைக்கும். அந்த இருக்கை உங்களுடையது. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் உங்கள் இருக்கை குறையாது. உணவு அப்படியில்லை. ஒருவர் தட்டில் விழுந்தது இன்னொருவருக்கு இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை டாலர் வாங்கினாலும், அடுப்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சமைக்குமோ அவ்வளவுதான் வெளியே வரும்.

ஒரு தோசைக் கடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கல்லில் மணிக்கு 100 தோசை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் வரிசையில் 20 பேர் நின்றால், 12 நிமிடத்தில் எல்லோர் கையிலும் தோசை. கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. அதே டிக்கெட்டை 100 பேருக்கு விற்றால்? கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு. பக்கத்தில் இருக்கும் சாதா வரிசை அந்த ஒரு மணி நேரமும் நகரவே நகராது. காசு கொடுத்தவரும் புலம்புவார், கொடுக்காதவரும் சபிப்பார். கல் மட்டும் அதே 100 தோசையைத்தான் சுட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு தட்டுக்கு 18 விநாடி

கூகாமூகா விழாவையே இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு சுமார் 20,000 பேர், 75 கடைகள். சராசரியாக ஒரு கடைக்கு 267 பேர். இது பெரிய கூட்டம் இல்லையே என்று தோன்றும். ஆனால், உணவுத் திருவிழாவுக்குப் போகிறவர் ஒரே கடையில் சாப்பிட்டுத் திரும்ப மாட்டார். நாலு இடத்தில் ருசி பார்க்கத்தானே போகிறார்? ஆளுக்கு மூன்று கடை என்று வைத்தால்கூட, ஒரு கடை 800 தட்டு பரிமாற வேண்டும்.

அந்த 800-ம் நாள் முழுக்கச் சீராக வராது. பசி எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். பாதித் தட்டுகள் மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் போக வேண்டும் என்றால், 120 நிமிடத்தில் 400 தட்டு. அதாவது 18 விநாடிக்கு ஒரு தட்டு. பணம் வாங்குவது, சில்லறை கொடுப்பது, 'காரம் கம்மியாகப் போடுங்கள்' என்று ஒருவர் கேட்பது எல்லாம் அந்த 18 விநாடிக்குள்தான். இத்தனைக்கும் இது எல்லாக் கடைக்கும் சமமாகக் கூட்டம் பிரிந்தால் வரும் கணக்கு. பேர்பெற்ற கடையில் மூன்று பங்கு கூட்டம் நிற்கும்.

ஐம்பது பேர் உட்காரும் உணவகத்தின் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கூடாரத்துக்குள் இரண்டு அடுப்பை வைத்துக்கொண்டு இந்த வேகத்தைத் தொட முடியாது. அவர் பழகிய சமையலறை வேறு, இந்தப் புல்வெளி வேறு.

கூகாமூகா அடுத்த ஆண்டும் நடந்தது. 2013 மே மாதம் மூன்று நாள் விழாவாகத் திட்டமிட்டார்கள். இந்த முறை மழை. மூன்றாவது நாளான ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ரத்தானது. அன்றைக்கென்று சமைத்து வைத்திருந்த கடைக்காரர்களின் நிலை பரிதாபம். அதற்குப் பிறகு அந்தப் பூங்காவில் அந்த விழா நடக்கவில்லை.

விரல் அகல பீட்சா

அதே நியூயார்க் நகரம். 2017 செப்டம்பரில் ஒரு பீட்சா திருவிழா. டிக்கெட் விலை 75 டாலர் வரை, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 4,800 ரூபாய். வகைவகையான பீட்சாக்களை வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று நம்பிப் போனவர்களுக்கு, நீண்ட வரிசைக்குப் பிறகு கிடைத்தது ஆறிப்போன ஒரு சின்னக் கீற்று. அந்த மெல்லிய துண்டுகளைத் தட்டில் வைத்து அவர்கள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின.

நியூயார்க் மாகாணத்தின் அன்றைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மன், இந்த விழாவைப் பற்றித் தன் அலுவலகம் விசாரிப்பதாக அறிவித்தார். பாதிக்கப்பட்டவர்கள் புகார் அளிக்கலாம் என்றும் சொன்னார். ஒரு துண்டு பீட்சாவுக்காக மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி இறங்குவதா என்று சிலர் சிரித்தார்கள். ஆனால், அது பீட்சாவைப் பற்றிய விசாரணை இல்லை. சொன்னதைக் கொடுக்காமல் காசு வாங்கலாமா என்பதைப் பற்றியது.

அந்த விழாவுக்கு மக்கள் உடனே ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், 'பீட்சாவின் ஃபயர் ஃபெஸ்டிவல்' என்று. காரணம், அதே ஆண்டு ஏப்ரலில் பஹாமாஸ் தீவுகளில் நடந்த கூத்து.

ரொட்டி, சீஸ்... ஒரு சமையல்காரரின் சேமிப்பு

'ஃபயர் ஃபெஸ்டிவல்' உணவுத் திருவிழா இல்லை, இசைத் திருவிழா. ஆனாலும் இன்றுவரை அதன் அடையாளமாக நிற்பது ஓர் உணவுப் படம்தான். ஆடம்பர மாளிகை, உயர்தர விருந்து என்று சொல்லி ஆயிரக்கணக்கான டாலர் வாங்கினார்கள். போய் இறங்கியவர்களுக்கு மழையில் நனைந்த கூடாரங்கள். சாப்பிட, ஒரு தெர்மாகோல் பெட்டியில் இரண்டு ரொட்டித் துண்டு, அதன்மேல் சீஸ், பக்கத்தில் கொஞ்சம் கீரை. ஒருவர் எடுத்துப் போட்ட அந்தப் படம்தான் விழாவின் மொத்தக் கதையையும் சொன்னது.

இதன் சூத்திரதாரியான பில்லி மெக்ஃபார்லண்டுக்கு 2018 அக்டோபரில் மோசடிக் குற்றத்துக்காக 6 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பக்கம் உண்டு. தீவில் உணவகம் நடத்திவந்த ஒரு பெண்மணி, விழா வேலைக்காக வந்தவர்களுக்கு இரவு பகலாகச் சமைத்துப் போட்டார். விழா கவிழ்ந்ததும் அமைப்பாளர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். உழைத்தவர்களுக்குத் தன் சேமிப்பிலிருந்தே கூலி கொடுத்தார் அவர். அப்படிக் கரைந்தது 50,000 டாலர் என்று 2019-ல் வெளியான நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் அவர் கண்கலங்கச் சொன்னபோது, பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது. படம் வந்த சில நாள்களிலேயே முன்பின் தெரியாத மக்கள் நிதி திரட்டி, அவர் இழந்ததைப் போலப் பல மடங்கு பணத்தை அனுப்பிவைத்தார்கள்.

டிக்கெட் வாங்கி ஏமாந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால், அந்தக் கோபம் முதலில் பாய்வது கரண்டியோடு எதிரில் நிற்பவர்மேல்தான். பிரீமியம் டிக்கெட் எத்தனை விற்றார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. தட்டு தீர்ந்ததும் திட்டு மட்டும் அவருக்கு!

காசு கூடினால் வலியும் கூடும்

கோயில் திருவிழாவில் கடைத்தெருவுக்குப் போகிறோம். கூட்டத்தில் இடிபட்டு, கேட்ட பஜ்ஜி கிடைக்காமல் பஞ்சுமிட்டாயோடு திரும்புகிறோம். வீட்டுக்கு வந்து அதையே சிரித்துச் சிரித்துச் சொல்வோம். அதே அனுபவம் 2,000 ரூபாய் டிக்கெட்டில் கிடைத்தால் சிரிப்பு வருமா?

பிரீமியம் டிக்கெட் வாங்கிய நிமிடத்திலிருந்து மனசு வேறு அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளிடம் 'நாம வரிசையில நிக்க வேண்டியதே இல்லை' என்று சொல்லியிருப்போம். வயதான அம்மாவை 'உட்கார இடம் இருக்கும்மா' என்று நம்பவைத்து அழைத்துப் போயிருப்போம். அங்கே போய் நாற்காலி இல்லாமல் அம்மா நிற்கும்போது, காசு போனது இரண்டாம்பட்சம். கொடுத்த வாக்கு பொய்யாகிப்போனதுதான் வலி.

சென்னைக்கு இந்த வலி புதிதில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்கு கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. அங்கே உணவு இல்லை, இசை. ஆனால், கதை அதேதான். விலை உயர்ந்த டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்களில் பலர், கூட்ட நெரிசலில் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் பட்ட பாடு செய்திகளில் வந்தது. ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்

கூட்டம் என்றாலே குழப்பம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் 'அக்டோபர்ஃபெஸ்ட்' விழாவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரிய கூடாரங்களில் மேஜை முன்பதிவு செய்ய விரும்புகிறவர்கள், வழக்கமாக உணவுக்கும் பானத்துக்கும் உரிய கூப்பன்களை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பெரிய குவளை பீர், அரைக் கோழி என்பதுபோல அதில் அளவு தெளிவாக இருக்கும். கொடுத்த காசு அப்படியே தட்டில் வந்துவிடும். முன்பதிவு செய்யாதவர்களுக்கும் ஒரு பகுதி இடம் ஒதுக்கியாக வேண்டும் என்பது அங்கே விதி.

நமக்குப் பழக்கமான உதாரணம் திருப்பதி. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டை எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பதில்லை. இந்த நாள், இந்த நேரம், இத்தனை பேர் என்று அளந்துதான் கொடுக்கிறார்கள். அளவு இல்லாவிட்டால் சிறப்பு வரிசையும் இன்னொரு சர்வ தரிசன வரிசையாகிவிடும்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கல்யாண வீடுகளில் சமையல் கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'எத்தனை இலை?' அதற்குப் பதில் சொன்னால்தான் அரிசி, பருப்பு, காய்கறிக் கணக்கே தொடங்கும். பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பந்தி, பரிமாற எத்தனை ஆள் என்று எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. இலைக் கணக்குத் தெரியாமல் பத்திரிகை அச்சடித்து ஊரையே அழைப்பதுதான், பல உணவுத் திருவிழாக்களில் நடக்கும் தவறு.

வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

* டிக்கெட்டில் உணவின் அளவு எழுதியிருக்கிறதா? 'பிரத்யேக அனுபவம்', 'சிறப்பு விருந்து' என்ற வார்த்தைகளுக்கு அளவு கிடையாது. 'ஐந்து கூப்பன்', 'மூன்று தட்டு', 'ஒரு முழுச் சாப்பாடு' என்றிருந்தால் கேட்டு வாங்கலாம்.

* மொத்தம் எத்தனை பிரீமியம் டிக்கெட்? விளம்பரத்தில் இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

* நேரம் குறித்திருக்கிறதா? 'காலை 10 முதல் இரவு 10 வரை' என்ற டிக்கெட்டைவிட, '12 மணி முதல் 2 மணி வரை' என்று நேரம் பிரித்துக் கொடுக்கும் டிக்கெட் நம்பகமானது.

* 'அன்லிமிடெட்' என்றால் எதில்? எல்லாக் கடைகளிலுமா, குறிப்பிட்ட சில கடைகளிலா, எத்தனை மணி வரை என்று பாருங்கள்.

* உட்கார இடம், நிழல், குடிநீர், கழிவறை. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறவர்களுக்கு உணவுப் பட்டியலைவிட இவை முக்கியம்.

* ரத்தானால் என்ன? மழை வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்பது டிக்கெட்டின் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தையும் படியுங்கள்.

* முதல் முறையாக நடக்கும் விழாவா? அப்படியென்றால் சாதா டிக்கெட்டில் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் வாங்கிக்கொள்ளலாம்.

ஏமாந்துவிட்டால்?

'போனது போகட்டும்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது சேவைக் குறைபாடு. இல்லாததை இருப்பதாகக் காட்டிய விளம்பரத்துக்கும் அதே சட்டத்தில் கேள்வி உண்டு.

விழா நடக்கும் இடத்திலேயே ஆதாரம் சேர்க்கத் தொடங்குங்கள். டிக்கெட், பணம் செலுத்திய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், நேரத்தோடு எடுத்த வரிசைப் படம், காலியான கடையின் படம் ஆகியவை போதும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட் வாங்கும்போதே எடுத்து வைப்பது நல்லது. பிரச்னை வந்த பிறகு அந்தப் பக்கம் காணாமல் போய்விடலாம்.

முதலில் அமைப்பாளருக்கும் டிக்கெட் விற்ற தளத்துக்கும் மின்னஞ்சலில் எழுதுங்கள். என்ன சொன்னார்கள், என்ன கிடைத்தது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று மூன்றே பத்தியில் எழுதினால் போதும். கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிட்டு 'சார்ஜ்பேக்' கேட்டுப் பார்க்கலாம்.

பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். விழா எந்த ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்னை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இப்போது ஆன்லைனிலும் பதிவு செய்ய முடியும்.

கூகாமூகாவில் பணம் திரும்பியதற்குக் காரணம் அமைப்பாளர்களின் பெருந்தன்மை மட்டும் இல்லை. வாங்கியவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போகவில்லை என்பதும்தான்.

அதற்காக உணவுத் திருவிழாக்களே வேண்டாம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட வேண்டியதை ஒரே மாலையில் குடும்பத்தோடு ருசி பார்ப்பது இனிமையான அனுபவம். அடுத்த முறை போனில் அழகான ஒரு பிரீமியம் டிக்கெட் விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன்னால் நம் ஊர்ச் சமையல்காரர் கேட்பதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: 'எத்தனை இலைங்க?'